நடவு பெஞ்சு

“இதுல நடவு பெஞ்சு எது?”

வகுப்பு வாசலில் வந்து நின்ற அம்மாள் கேட்டது இதைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து முதல் பீரியட், பத்தாம் வகுப்பு இங்கிலீஷ். நான் கரும்பலகையில் பாடத் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், தூக்கிச் செருகிய சேலை, முழங்கால் வரைக்கும் சேறு. பாதி காய்ந்து வெளுத்துப்போய், பாதி இன்னும் ஈரமாக. வயலிலிருந்து ஏறி நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“யாரும்மா நீ? பாடம் நடக்குது தெரியலையா?” என்றேன். அதட்டலாகத்தான் கேட்டேன். பாட நேரத்தில் வாசலில் யாராவது வந்து நின்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வருகிறது. டி.வி. பார்க்கும்போது காலிங்பெல் அடித்தால்கூட வருகிறது.

“நான் அமுதா அம்மா. அஞ்சலை. நெடுங்காட்டுப் பக்கத்துலேருந்து வாரேன். நடவு பெஞ்சு எதுன்னுதான் கேட்டேன்.”

வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்க வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த வரிசையில் மூன்று பெஞ்சு. அந்த வாரம் மூன்று பெஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்திருந்தாள். அமுதா. அவள் கையில் நான் கொடுத்த பாட அட்டை.

அஞ்சலை உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.

“எந்திரிடி. நடவு பெஞ்சுல உக்காந்தவ நடவுக்குத்தான் வரணும். பையை எடு.”

அமுதா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டியது ஆயிரம் இருந்தது. அவள் எழுந்து, அட்டையை என் மேஜை மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை திங்கட்கிழமை வரை என்னை விடவில்லை. சாப்பிட்டால் இறங்கவில்லை, பேசினால் வார்த்தை சரியாக வரவில்லை. இந்த வாரம் பத்திரிகையில் அந்த மூன்று நாளைத்தான் எழுதப்போகிறேன். எழுதுவதற்கு எனக்கே தயக்கமாக இருக்கிறது, தப்பு முழுக்க என்னுடையது.

மூன்று பத்தி நோட்டு

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் பையனுக்கு அப்போது மூன்று வயது, அவனுடைய வயதை வைத்துத்தான் எனக்கு எல்லாக் காலமும் ஞாபகம்.

காரைக்கால் டவுனில் இருந்த பள்ளிக்கூடம். என் பத்தாம் வகுப்பில் கடைத்தெரு முதலாளிகளின் பிள்ளைகள் இருந்தார்கள். பிரான்சில் இருக்கும் மாமா போட்டோ அட்டை அனுப்பிவைக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து வயல் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே இங்கிலீஷ் புத்தகம். ஒருத்தன் தானாகவே லெட்டர் எழுதுவான், இன்னொருத்தனுக்கு நாலு எழுத்துக்கு மேல் கூட்டிப் படிக்க வராது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு. எனக்கு அது அபத்தமாகப் பட்டது. ஒரே பாடத்தை மூன்று விதமாக நடத்தினால் என்ன? ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனி பயிற்சி, தனித்தனி அட்டை.

சரி, யாரை எந்தப் பத்தியில் போடுவது? அங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன்.

எனக்குப் பெரிய தலைவலி யாருக்கு என்ன வரும் என்பது இல்லை, யார் என்றைக்கு வருவார்கள் என்பதுதான். மீன் நிறையப் படுகிற சமயத்தில் கருக்களாச்சேரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் கரையில் நிற்பார்கள். வாடைக்காற்று அடித்துக் கடலுக்குப் போக முடியாவிட்டால் வகுப்பு நிறைந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதோ, நெடுங்காட்டுப் பக்கம் காலியாகும். குறுவைக்கு ஒரு தடவை, புரட்டாசியில் சம்பா நடவுக்கு ஒரு தடவை. திங்கட்கிழமை ஒன்றைச் சொல்லிக்கொடுப்பேன், செவ்வாய்க்கிழமை காணாமல் போய், ரெண்டு வாரம் கழித்து வந்து, “அது என்ன டீச்சர்?” என்று கேட்பார்கள்.

ஆகவே, சேர்ந்து காணாமல் போகிறவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால், அவர்கள் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து சேர்த்தே நடத்தலாம் இல்லையா? எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பத்திகளுக்கு மேலே அடையாளத்துக்கு டவுன், கடல், நடவு என்று எழுதினேன். பிள்ளைகளையும் அப்படியே மூன்று வரிசையாக உட்கார வைத்தேன்.

அட்டைகளை எவ்வளவு ஆசையாகச் செய்தேன், தெரியுமா! பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க அதுதான் வேலை. என் வீட்டுக்காரர் ஷேவிங் பிளேடால் நறுக்கிக் கொடுத்து விரலையும் நறுக்கிக்கொண்டார். கடல் வரிசைக்குப் படகு, வலை, மீன் வைத்து வாக்கியங்கள். நடவு வரிசைக்கு நாற்று, ஏர், வரப்பு. டவுன் வரிசைக்கு ரயில் பயணம், தபால் ஆபீஸ், லெட்டர். அவரவர் பார்த்துப் பழகியதிலிருந்து பாடம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நோட்டைக் காட்டினேன். காட்டாதவர் பாக்கி இல்லை.

மேஜைமேல் கிடந்த நோட்டைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் டவுன் பெஞ்சு, கடல் பெஞ்சு, நடவு பெஞ்சு என்று பேராகிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே, “நடவு பெஞ்சு, சத்தம் போடாதீங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாட்டில் இங்கிலீஷ்

இப்படியெல்லாம் எனக்கு ஏன் தோன்றியது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்தது பூவம். அடுத்த அடி வைத்தால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் மதுவிலக்கு, எங்கள் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்து ஆசாமிகள் நல்ல பிள்ளையாக வருவார்கள், வேறு மாதிரி திரும்புவார்கள். வழியெல்லாம் காலி பாட்டில். அதிலிருந்த லேபிளை ஊறவைத்து உரித்து, அதில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து மண்ணில் எழுதிப் பழகினேன். என் முதல் இங்கிலீஷ் புத்தகம் அதுதான். போன வாரம் என் தம்பி, “நம்ம குடும்ப மானத்தைப் பத்திரிகையில ஏத்தறியே” என்று போனில் சண்டை போட்டான். இதைப் படித்தால் போனை உடைத்துவிடுவான்.

அந்த லேபிள்களைப் பெருமையாக எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “அசடே, இது இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சு” என்றார். வகுப்பே சிரித்தது. இங்கிலீஷ் எது என்று அவர் சொல்லியும் தரவில்லை. அவர் முதல் பெஞ்சு நாலு பையன்களுக்கு மட்டும்தான் பாடம் நடத்துவார். பின்னால் இருந்த எங்களுக்கு, “சத்தம் போடாம இருந்தா போதும்” என்பதுதான் பாடம்.

என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பாடம் இல்லாமல் உட்காரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். அப்படி முடிவு பண்ணினவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

காலிப் பத்தி

புரட்டாசி வந்தது. சம்பா நடவு ஆரம்பித்தது. என் நோட்டில் அந்த ரெண்டு வாரத்துக்கு ‘நடவு’ பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. ‘வரமாட்டார்கள்’ என்று ஒரே வார்த்தை எழுதி, கீழே வரைக்கும் கோடு இழுத்துவிட்டேன். அவர்களுக்கான பாடத்தை நடவு முடிந்த பிறகு வரும் வாரத்துக்குத் தள்ளினேன்.

நான் நினைத்தபடியே எல்லாரும் காணாமல் போனார்கள், அமுதாவைத் தவிர.

அவள் வந்தாள். தினமும் முதல் பஸ்ஸில் வந்தாள். அந்த வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். தினமும் காலையில் நான்தான் பேர் கூப்பிட்டேன். “பிரசென்ட் டீச்சர்” என்று அவள்தான் சொன்னாள். என் காதுதான் கேட்டது. ஆனால் இங்கிலீஷ் பீரியட்டில் அவளுக்குக் கொடுக்க என் நோட்டில் ஒன்றும் இல்லை. “ரிவிஷன் பண்ணு” என்று பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் அதே அட்டை. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் மேஜைக்கு வந்தாள். மெதுவான குரல் அவளுக்கு.

“டீச்சர், நாத்து, சேறு, வரப்பு எல்லாத்துக்கும் இங்கிலீஷ் தெரிஞ்சுபோச்சு டீச்சர். ரயிலைப் பத்தி எழுதற அட்டை எனக்கு எப்ப வரும்?”

“அவங்கள்ளாம் நடவு முடிஞ்சு வரட்டும்மா. சேர்ந்து நடத்தறேன்” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். வீட்டில் அம்மா கேட்டிருக்கிறார், ஏன்டி இங்கிலீஷ் புத்தகத்தையே தொடக் காணோம் என்று. “எனக்கு இப்ப பாடம் இல்லம்மா. நடவு பெஞ்சுக்கு நடவு முடிஞ்சுதான் பாடம்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு மறுநாள்தான் அந்தச் சேற்றுக் காலோடு அஞ்சலை வந்து நின்றது.

ஊர், குப்பம், காலனி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் படித்த மனிதர், ஆகவே அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘முசே’ என்றுதான் சொல்வோம், பிரெஞ்சில் ‘ஐயா’ என்கிற மாதிரி. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும் அவருக்கு. அன்றைக்கு ரொம்பத் தணிந்திருந்தது.

நான் நோட்டை விரித்து வைத்து விளக்கினேன். வராத நாள் கணக்கு, வாய்க்கால் தண்ணீர், வாடைக்காற்று, மூன்று பத்தி, எல்லாம். அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

“நீ ஆயிரம் காரணம் சொல்லும்மா வசந்தா. வாசல்ல நின்னு பாக்கறவங்க கண்ணுக்கு என்ன தெரியுது? ஊரு ஒரு பக்கம், குப்பம் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். மூணையும் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கே.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் நான் அப்படிப் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் தினமும் அந்த வகுப்பில் நின்றிருக்கிறேன். அந்த மூன்று வரிசை என் கண்ணில் கால அட்டவணையாகத்தான் தெரிந்தது. பார்க்காமல் இருக்க முடிந்ததே, அதுதான் என் தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது.

“இப்ப என்ன சார் பண்றது?”

“பெஞ்சைக் கலைச்சுடு. ஏன்னு சொல்லாதே. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்த் தன்மையா பேசிக் கூட்டிக்கிட்டு வா. ஆனா ஒண்ணு, கிளாஸ்ல வாயைத் திறந்து தப்புன்னு ஒத்துக்காதே. பசங்க வீட்ல போய்ச் சொல்லுவாங்க. அது மனுவா மேல போகும். அப்புறம் நீ யானாமுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.”

யானாம்! காரைக்காலில் அரசாங்க வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே போதும். எங்கள் புதுச்சேரி அரசாங்கத்துக்கு ஆந்திராவுக்குள் ஒரு ஊர், கேரளாவுக்குள் ஒரு ஊர். மாற்றல் என்று ஒன்று வந்தால் எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாது. எங்கள் டிராயிங் மாஸ்டர் ஒருத்தர் யானாம் போனார். தெலுங்கில் ஒரு டீ கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் நாலு நாள் ஆகிவிட்டது என்று கடிதம் போட்டிருந்தார். என் வீட்டுக்காரருக்குக் காரைக்காலில் மின்சார இலாகாவில் வேலை. பையனுக்கு மூன்று வயது, மாதத்துக்கு ஒரு தடவை மூச்சிழுப்பு வரும். நான் யானாம் போனால் அவனை யார் பார்ப்பது?

ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பி வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அமுதா பேருக்கு நேரே ஜூன் மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். குறுவை நடவின்போதும் வந்திருக்கிறாள். மழையில் பஸ் ஓடாத நாளில்கூட வந்திருக்கிறாள். ஒரே ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை. எல்லாம் நானே போட்ட குறி. மூன்று மாதம் உட்கார்ந்து காற்றையும் தண்ணீரையும் விசாரித்து அட்டவணை போட்ட நான், கையில் இருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. பேர், ஊர், அவ்வளவுதான் பார்த்தேன். நெடுங்காடு என்றதும் நடவு என்று எழுதிவிட்டேன்.

வரப்பில்

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், வீட்டில் யாரும் இல்லை. வயலைக் காட்டினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். ரெண்டு இடத்தில் வழுக்கியது, யாரோ சிரித்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாகக் கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு அமுதா. அவள் மட்டும் ரொம்பப் பின்தங்கியிருந்தாள். அவள் நட்ட நாற்றில் நாலில் ஒன்று சாய்ந்து மிதந்தது. பக்கத்தில் நின்ற பெண், “என்னாடி, பத்தாவது படிச்சவ நடற லச்சணமா இது?” என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கி ஊன்றிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அமுதாவும் சிரிக்கப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

அஞ்சலை கையில் இருந்த நாற்று முடிச்சை நட்டு முடித்துவிட்டுத்தான் வரப்புக்கு வந்தார்.

“அஞ்சலையம்மா, கொஞ்சம் கேளுங்க” என்றேன். முதல் நாள் ‘யாரும்மா நீ’ என்று அதட்டின வாய், அன்றைக்குத்தான் ‘நீங்க’ என்றது. அவரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

“நான் வேணும்னு பண்ணலைங்க. நெடுங்காட்டுப் பக்கத்துப் புள்ளைங்க எல்லாம் இந்த மாசம் நடவுக்குப் போயிடுதுங்களே, அதுங்களுக்குப் பாடம் விட்டுப்போயிடக் கூடாதேன்னு...”

“எல்லாம்னா?” என்றார். “எங்க வூட்டுப் புள்ள எப்ப போச்சு?”

நான் கையில் இருந்த செருப்பைக் கீழே வைத்தேன்.

“மூணு வருசமா நடவு சமயத்துல பண்ணைக்காரரு கேக்குறாரு, பொண்ணுதான் வளந்துட்டுதே, ஏன் கூட்டியாரலன்னு. அவ பங்குக்கும் சேத்து நான் குனியுறேன், அதை விட்டுடுங்கன்னு சொல்லிப்புட்டேன். நாத்தை அவ கையிலயே குடுத்ததில்ல. அதோ பாருங்க, மெதக்குது. எம் பொண்ணுக்கு நடவே தெரியாது டீச்சரம்மா. நீங்க அவளுக்கு நடவு பெஞ்சுன்னு பேரு வெச்சிட்டீங்க.”

இடுப்புச் சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை அவர். எனக்குத்தான் அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழவும் வெட்கம்.

“தப்புதாங்க. மன்னிச்சிடுங்க. திங்கக்கிழமை அனுப்பி வைங்க, பெஞ்சையெல்லாம் மாத்திடறேன்.”

“எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நானா பெஞ்சுல உக்காந்தேன்?” என்றார் அஞ்சலை. “அத்தனை புள்ளைங்க முன்னால இவளுக்குப் பேரு வெச்சீங்கள்ல, அத்தனை புள்ளைங்க முன்னால தப்புன்னு சொல்லுங்க. திங்கக்கிழமை கூட்டியாறேன். வாசல்ல நிக்கிறேன். எல்லா காதுலயும் உளுவுற மாதிரி சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன். சொல்லலையா, அப்படியே திருப்பிக் கூட்டியாந்துடுவேன். நடவு இன்னும் பத்து நாளு இருக்கு. அதுக்குள்ள கையி பழகிடும். பழகிடுச்சுன்னா அப்பறம் அவ பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டா, எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் நின்னேன்.”

சொல்லிவிட்டு வயலில் இறங்கிவிட்டார். அமுதா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

சொன்னால் யானாம், சொல்லாவிட்டால் அமுதா. மனசு மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டது. ஹெச்.எம். சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. பெஞ்சைக் கலைத்தால் காரியம் முடிந்தது, சின்னப் பிள்ளைகளிடம் போய் எந்த டீச்சர் மன்னிப்புக் கேட்கிறாள்? அந்தக் காலத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாளைக்கு ஒரு பயலாவது மதிப்பானா? மேலேயிருந்து யாராவது விசாரணைக்கு வந்து, “ஜாதி பார்த்து உட்கார வைத்தீர்களா?” என்று கேட்டால், இல்லை என்று எப்படி நிரூபிப்பேன்? என் நோட்டே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

பையன் என் மடியில் படுத்திருந்தான். அவன் மார்பில் காதை வைத்து இழுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். யானாமில் நல்ல டாக்டர் இருப்பாரா என்றுகூட யோசித்துவிட்டேன். (இன்றுவரை நான் யானாமைப் பார்த்ததில்லை. எதற்கு அவ்வளவு நடுங்கினேன் என்று இப்போது கேட்பது சுலபம்.)

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அட்டை நறுக்கும்போது வெட்டிக்கொண்ட விரலின் தழும்பைத் தடவிக்கொண்டே, “அந்தப் பொண்ணு வரலைன்னா உனக்கு யானாம் போகாமலே தூக்கம் வராது” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஆறுதல் சொல்லக் கூடாதா இந்த மனுஷன்?

திங்கட்கிழமை

முதல் பீரியட்டை இங்கிலீஷாக மாற்றிக்கொண்டேன். வகுப்புக்குள் போகும்போதே தெரிந்தது, பிள்ளைகள் எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். காலில் சேறு இல்லை, நல்ல சேலை. கூடவே அமுதா, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, தோளில் பை. ரெண்டு பேரும் படிக்கு வெளியே நின்றார்கள்.

வராந்தாவின் கோடியில் ஹெச்.எம். நடந்துகொண்டிருந்தார். அவர் நடை நின்றது எனக்குக் கேட்டது.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பாடம் நடத்துகிற குரல் வரவில்லை, ஏதோ ஒரு குரல் வந்தது.

“எல்லாரும் கேளுங்க. நான் உங்களை மூணு வரிசையா பிரிச்சேன். யாரு எந்த ஊருன்னு பாத்துப் பிரிச்சேன். அது தப்பு. அமுதா நடவுக்குப் போறவ, இப்ப வரமாட்டான்னு நான் நோட்ல எழுதினேன். அவ ஒரு நாள்கூட வராம இருந்ததில்லை. நான் பாக்கலை. அவ வந்து உக்காந்திருக்கும்போதே அவளுக்குப் பாடம் இல்லைன்னு பண்ணிட்டேன். அமுதா, நான் பண்ணினது தப்பும்மா. என்னை மன்னிச்சுக்க.”

கடைத்தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது கேட்டது. வராந்தாவில் ஹெச்.எம். செருமினார். உள்ளே வருவார் என்று நினைத்தேன், வரவில்லை.

அஞ்சலை மகள் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். “போ உள்ள” என்றார். என்னைப் பார்த்து, “எனக்கு பஸ்ஸு இருக்குது” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நடுவரிசையில், கருக்களாச்சேரி கலியமூர்த்தி எழுந்து நின்றான்.

“டீச்சர், நானும் டீச்சர்.”

“நீ என்னடா?”

“நான் கடலுக்கே போனதில்ல டீச்சர். எனக்குப் படகுல ஏறினா தலை சுத்தி வாந்தி வரும். எங்க அண்ணனுவோ அடிச்சு ஏத்திப் பாத்துட்டு விட்டுட்டானுவோ. நான் தெனம் பள்ளிக்கூடந்தான் டீச்சர் வாரேன். கடல் பெஞ்சு வரட்டும், சேந்து நடத்தறேன்னு எனக்கும் பழைய அட்டையே குடுத்தீங்க.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்குள் இந்தப் பக்கம் சேகர் எழுந்தான். டவுன் வரிசை, கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருப்பவர் மகன். பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு, தப்பில்லாமல் அட்டையை முடித்துக் கொடுக்கிற பையன். அவன் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“டீச்சர்... எனக்கு இங்கிலீஷ் படிக்கவே வராது டீச்சர். ரயில் அட்டை ஒண்ணும் புரியலை. பக்கத்துல பாத்துத்தான் எழுதறேன். கடல் பெஞ்சு அட்டை குடுங்கன்னு கேக்க வெட்கமா இருந்துச்சு.”

மூன்று மாதம் உட்கார்ந்து மூன்று பத்திக் கோடு போட்டு, காலண்டர் அட்டை நறுக்கி, யாருக்கு என்ன வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த அத்தனையும் அந்த ரெண்டு பையன்களோடு போச்சு. அமுதா ஒருத்திக்குத்தான் தப்புப் பண்ணினேன் என்று நினைத்து மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். இன்னும் எத்தனை பேர் எழுந்து நிற்பார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அமுதா வகுப்பின் நடுவில், பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நான் எந்த பெஞ்சுல உக்காரட்டும் டீச்சர்?”

“எனக்குத் தெரியலைம்மா” என்றேன். அதற்கு முன்னால் பிள்ளைகளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

அவள் பையிலிருந்து இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டாள்.

“அப்ப நின்னுக்கிட்டே இருக்கேன் டீச்சர். நீங்க பாடத்தை நடத்துங்க.”

கலியமூர்த்தியும் உட்காரவில்லை, சேகரும் உட்காரவில்லை. மூன்று பேரும் நின்றார்கள். நான் பாடத்தை நடத்தினேன்.